ஆற்றோடு போகாத ஏடுகள்

ஆடித் திங்கள் பதினெட்டாம் நாள் திருவையாற்றுக் காவிரிப் படித்துறைகள் மக்களால் நிரம்பி வழியும். காதோலை, கருகமணி, மஞ்சள், காப்பரிசி எனக் காவிரித்தாய்க்கு உரியனவெல்லாம் புதுப்புனலில் மிதந்து செல்லும். மணமாலைகளைப் புதுமணத் தம்பதியர் ஆற்றில் விட்டு வணங்குவர். நீரை நம்பி வாழும் சோழநாட்டு உழவர்குடிக்கு இது நன்றிகூறும் நாள்.

அதே ஆடிப்பெருக்கு நாளில் தமிழ்நாட்டின் சில பகுதிகளில் வேறொன்றும் ஆற்றில் விடப்பட்டது. பரணிலும் பெட்டியிலும் கிடந்த பழைய ஓலைச்சுவடிகளைப் படிக்க ஆளில்லாமற்போன காலத்தில், அவற்றைக் குப்பையில் எறிய மனமில்லாதவர்கள், கலைமகளின் வடிவாகிய ஏட்டை நீரில் விடுவதே முறை என்று கருதினர். பெருக்கெடுத்து ஓடும் வெள்ளத்தில் கட்டுக்கட்டாகச் சுவடிகள் போயின. அவற்றில் எந்தக் காப்பியம் போயிற்று, எந்த இலக்கணம் போயிற்று என்று கணக்கெடுத்தவர் எவருமிலர். அந்த வெள்ளத்திற்கு எதிரே நின்று, ஏறத்தாழ அறுபதாண்டுக் காலம் ஏடுகளைத் தேடிக் காத்தவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையர். தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றும் அவருடைய பதிப்புப் பணி ஒரு சமணக் காப்பியத்தில் தொடங்கியது என்பதும், அதற்கு வழிகாட்டியோர் குடந்தைச் சமண இல்லத்தார் என்பதும் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் ஒவ்வொரு தலைமுறையும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு.

பிறப்பும் கல்வி வேட்கையும்

திருவையாற்றுக்குப் பெயர் தந்த ஐந்து ஆறுகளாகக் காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு ஆகியவற்றைக் கூறுவர். அவற்றுள் குடமுருட்டி கிழக்கே பாய்ந்து வளப்படுத்தும் பகுதியில், பாபநாசத்தை அடுத்து உத்தமதானபுரம் என்னும் சிற்றூர் உள்ளது. தஞ்சை மன்னர் ஒருவர் ஏகாதசி நாளில் மறதியாகத் தாம்பூலம் தரித்துவிட்டு, அப்பிழைக்குக் கழுவாயாக வீடும் நிலமும் வகுத்து அந்தணர்க்குத் தானம் செய்த ஊர் அது என்பது வழிவழிச் செய்தி. அவ்வூர்க் குடும்பத்தில் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் சாமிநாதையர் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர், தாயார் சரசுவதி அம்மாள்.

தந்தையார் இசையில் வல்லவர். கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். இராமாயணக் கதையை இசையோடு கூறி, ஊர்தோறும் கிடைக்கும் சிறு பொருளால் குடும்பத்தை நடத்தியவர். மகனும் இசைவாணனாக வரவேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுடைய உள்ளமோ தமிழ் நூல்களையே நாடியது. அதை உணர்ந்த தந்தையார், தம் விருப்பத்தை ஒதுக்கிவைத்து, மகனுக்குத் தமிழ் கற்பிக்கவல்லார் எங்கிருக்கின்றனர் என்று தேடத் தொடங்கினார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் எனக் குடும்பமே இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. நல்லாசிரியர் ஒருவர் இருக்கும் ஊரே அக்குடும்பத்திற்குச் சொந்த ஊர் ஆயிற்று.

அக்காலத்தில் நூல் என்பது எளிதில் கிடைக்கும் பொருளன்று. அச்சுப் புத்தகங்கள் சிலவே. அவையும் சென்னைபோன்ற நகரங்களிலிருந்து வரவேண்டும். ஏட்டுச்சுவடி ஒன்று ஒரு வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டால், அவ்வீட்டாரிடம் பணிந்து கேட்டு, இரவல் பெற்று, படியெடுத்துக்கொண்டு, குறித்த நாளில் திருப்பித் தரவேண்டும். இந்த அருமைப்பாடே இளமையில் அவருக்கு நூல்களின்மீது தணியாத காதலை வளர்த்தது.

1871ஆம் ஆண்டில், பதினாறு பதினேழு வயது இளைஞராக, மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சிறிது காலம் இசையும் பயின்றார். ஆசிரியருக்கு அது உவப்பாயில்லை என்று தெரிந்தவுடன் இசைப்பயிற்சியை விட்டுத் தமிழையே பற்றிக்கொண்டார். 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மகாவித்துவான் மறையும்வரை நிழல்போல் உடனிருந்தார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என நூற்றுக்கணக்கான நூல்களைப் பாடம் கேட்டார். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் மடத்திலேயே கற்றும் கற்பித்தும் வந்தார். 1880 பிப்ரவரியில், தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது, அவர் பரிந்துரையால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். மாதச் சம்பளம் 50 ரூபாய். கற்க வேண்டியவற்றையெல்லாம் கற்றுவிட்டோம் என்று கருதத்தக்க நிலையிலேதான் அவர் அப்போது இருந்தார்.

ஒரு வினாவும் ஒரு சுவடியும்

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் சாமிநாதையர், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தமிழில் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். சாமிநாதையர் தாம் கற்ற நூல்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். கேட்டவர் முகத்தில் வியப்பும் தோன்றவில்லை, மகிழ்ச்சியும் தோன்றவில்லை. இவையெல்லாம் பிற்கால நூல்களாயிற்றே, இவற்றிற்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று அவர் கேட்டார். சீவகசிந்தாமணி, மணிமேகலை என்று பெயர்களைச் சொன்னார். அவற்றைப் படித்ததில்லை என்றே சாமிநாதையர் விடையிறுக்க நேர்ந்தது.

வேறொருவராயின் அவ்வினாவை அவமதிப்பாகக் கொண்டு, அவ்வீட்டுப் பக்கம் மறுமுறை போகாதிருந்திருப்பர். இத்தனை ஆண்டுகள் கற்றும் அறியாத பெரும்பகுதி ஒன்று தமிழில் உண்டு என்ற உண்மையைச் சாமிநாதையர் ஏற்றுக்கொண்டார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்து, அதைப் படித்துத் தமக்கும் பாடம் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

திருத்தக்கதேவர் இயற்றிய சிந்தாமணி, பதின்மூன்று இலம்பகங்களும் 3145 செய்யுட்களும் கொண்டது. சச்சந்தன் அரசிழந்து மாண்டதும், விசயை சுடுகாட்டில் சீவகனைப் பெற்றதும், அவன் கலைகள் கற்று எண்மரை மணந்து நாட்டை மீட்டதும், முடிவில் எல்லாவற்றையும் துறந்து வீடுபேறு அடைந்ததுமாகிய பெருங்கதை அது. அதன் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை மட்டும் 1868இல் பவர் என்னும் பாதிரியார் அச்சிட்டிருந்தார். எஞ்சிய பகுதி முழுவதும் ஏட்டிலேயே இருந்தது.

படிக்கத் தொடங்கியவுடன் இடர்ப்பாடுகள் எழுந்தன. நச்சினார்க்கினியர் உரை இருந்தும் பல இடங்கள் விளங்கவில்லை. மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் கற்ற கல்வி முழுவதும் சைவச் சூழலில் அமைந்தது. சிந்தாமணியோ சமண நெறியில் ஊறிய உள்ளத்திலிருந்து தோன்றியது. அச்சமயக் கோட்பாடுகளையும் மரபுச் சொற்களையும் அறியாமல் அந்நூலுக்குள் நுழைய இயலாது என்பது தெளிவாயிற்று. நச்சினார்க்கினியரே முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லை என்றும், பின் அவர் சமண நூல்களை முறையாகக் கற்று இரண்டாம் முறை உரை வகுத்தார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அந்த உரையாசிரியர் மேற்கொண்ட வழியே தமக்கும் வழி என்று சாமிநாதையர் துணிந்தார்.

குடந்தைச் சமணர் இல்லங்களில்

கும்பகோணத்தில் சமணக் குடும்பங்கள் வாழ்ந்துவருவதை அவர் கேட்டறிந்தார். சந்திரநாத செட்டியாரும், வீடூர் அப்பாசாமி நயினாரும் அவருக்கு அறிமுகமாயினர். முதன்முதலாக அவ்வில்லத்திற்குச் சென்ற நாளில், வாயிலில் மாக்கோலமும் தோரணமும் விளங்கின. என்ன விழா என்று அவர் வினவினார். பல மாதங்களாக அவ்வீட்டில் சிந்தாமணியை முறையாகப் படித்துப் பொருள் கேட்டுவந்ததாகவும், அப்பாராயணம் நிறைவெய்தியதை முன்னிட்டுப் பூசை நடைபெற்றதாகவும் விடை வந்தது.

சாமிநாதையருக்கு அச்செய்தி தந்த வியப்பு சொல்லில் அடங்காது. பெரும்புலவர்களும் பாடம் சொல்லாத நூல், கல்லூரியில் எவரும் அறியாத நூல், ஏட்டில் உறங்கிக் கிடப்பதாகத் தாம் எண்ணியிருந்த நூல், தம் ஊரிலேயே ஒரு வீட்டில் ஆண்களும் பெண்களும் கூடியிருந்து கேட்கும் நூலாக, வழிபடும் நூலாக உயிரோடு இருந்தது! நூல் நிலையங்களும் மடங்களும் கைவிட்டதை ஒரு சிறு சமுதாயம் தன் இல்லறக் கடமைகளுள் ஒன்றாகப் போற்றிவந்திருந்தது.

அன்றுமுதல் அவர் அவ்வில்லங்களுக்குச் சென்றுவரலானார். கல்லூரி வேலை முடிந்தபின் ஐயங்களைக் குறித்துக்கொண்டு போவார். சமயச் சொற்களுக்கும் கதைக் குறிப்புகளுக்கும் பொருள் கேட்பார். கேட்டவற்றைக் குறித்துக்கொள்வார், மறுநாள் முதலியாருடன் படிக்கும்போது அவை விளக்கம் பெறும். கல்லூரித் தமிழாசிரியர் என்ற பெருமையை வாயிலிலேயே விட்டுவிட்டு, மாணவராக அமர்ந்து கேட்டார். சமண நூற்பொருளை அவர் அறிந்துகொண்ட விதமும், அதில் காட்டிய ஆர்வமும் அவ்வில்லத்தாரை வியப்பில் ஆழ்த்தின. அவர் பவ்ய ஜீவனாக இருக்கவேண்டும் என்று அவ்வீட்டுப் பெண்மணி ஒருவர் உள்ளிருந்தபடியே கூறினாராம். வீடுபேற்றுக்குத் தகுதி வாய்ந்த உயிரைக் குறிக்கும் அச்சொல்லின் அருமையைச் சமணர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிற்காலத்தில் எத்தனையோ பட்டங்கள் பெற்ற சாமிநாதையர், இந்த நிகழ்ச்சியையும் மறவாது தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

எல்லா வாயில்களும் இவ்வாறு எளிதில் திறந்துவிடவில்லை. தஞ்சையில் ஒரு சமணப் பெரியாரிடம் சிந்தாமணிச் சுவடி இருப்பது தெரியவந்தது. சமணரல்லாதார் கையில் அதைக் கொடுக்க அவர் முதலில் இசையவில்லை. அது பிழையென்று சொல்வதற்கில்லை. தெய்வத்தன்மை உடையதெனப் பூசித்துவந்த ஏடு அது. பிறர் கைக்குப் போனால் எந்நிலையில் திரும்பும், திரும்புமா என்ற அச்சம் இயல்பானதே. நண்பர் ஒருவரின் முயற்சியால் பின்னர் அச்சுவடியும் கிடைத்தது. நம்பிக்கையைக் கெடுக்காது ஏட்டைப் பேணுபவர் என்ற நற்பெயரே மேலும் பல சுவடிகளைச் சாமிநாதையரிடம் கொண்டுவந்து சேர்த்தது.

அச்சேறிய சிந்தாமணி

ஓலைச்சுவடியைப் படிப்பது அச்சுப் புத்தகத்தைப் படிப்பது போன்றதன்று. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒன்றுபோலவே தோன்றும். காலுக்கும் ரகரத்திற்கும் வேற்றுமை தெரியாது. செய்யுளும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும். ஓரங்கள் ஒடிந்திருக்கும், செல் அரித்திருக்கும், நடுவே ஏடுகள் காணாமற்போயிருக்கும். படியெடுத்தவர் செய்த பிழை அடுத்த படியில் இரட்டிக்கும். ஆதலால் ஒரு சுவடியை மட்டும் நம்பி அச்சிடுதல் இயலாது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த பிரதிகளை அருகருகே வைத்து, சொல் சொல்லாக ஒப்புநோக்கி, பாடவேறுபாடுகளைக் குறித்து, பொருளுக்கும் யாப்புக்கும் பொருந்துவதைத் தெரிந்தெடுக்க வேண்டும். நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் எடுத்துக்காட்டும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இத்தனையும் கல்லூரி வேலைக்கு இடையே, விளக்கொளியில், பல ஆண்டுகள் நடந்தன.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. பெரியபுராணம் தோன்றியதற்கே, சோழமன்னன் சிந்தாமணியில் ஈடுபட்டதைக் கண்ட சேக்கிழாரின் வருத்தம் காரணம் என்று வழங்கும் கதையைச் சைவர் நன்கறிவர். சைவ மடத்தில் வளர்ந்த ஒருவர் அந்நூலையே அச்சிட முனைவது தகுமா என்று குறைகூறியோர் இருந்தனர். ஆயினும் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் தடைசெய்யவில்லை. சுவடிகள் தந்து ஊக்கினார். தமிழ்ப் பதிப்புத்துறையின் முன்னோடியாகிய சி.வை. தாமோதரம் பிள்ளையும் சிந்தாமணியை வெளியிட விரும்பினார். தாம் உழைத்துத் திரட்டியதைத் தாமே நிறைவு செய்யவேண்டும் என்ற உறுதியைச் சாமிநாதையர் கைவிடவில்லை.

அச்சிடப் பொருள் வேண்டியிருந்தது. அன்பர்களிடம் கையொப்பம் வாங்கி முன்பணம் திரட்டினார். அப்போது சென்னைக்குச் சென்று வழக்கறிஞராக விளங்கிய இராமசாமி முதலியார் உறுதுணையாக நின்றார். விடுமுறை நாட்களில் சென்னைக்குச் சென்று அச்சுக்கூடத்தில் அமர்ந்து திருத்தங்கள் பார்த்தார். மற்ற நாட்களில் அச்சுத்தாள்கள் அஞ்சல்வழி கும்பகோணம் வந்து போயின. 1887ஆம் ஆண்டு அக்டோபரில் சீவகசிந்தாமணி மூலமும் நச்சினார்க்கினியர் உரையும் முழுமையாக வெளிவந்தன. சமண இல்லங்களில் பட்டுத்துணியில் பொதிந்திருந்த பெருநூல் தமிழுலகம் முழுவதற்கும் உரிய பொதுச்செல்வமாயிற்று.

பிழை இருப்பதாகச் சிலர் கண்டனம் எழுதினர். அவர் மறுப்பெழுதிக் காலத்தைப் போக்கவில்லை. கண்டனத்தில் உண்மை இருந்தால் திருத்திக்கொண்டார். 1907இலும் 1922இலும் புதிய பதிப்புகள் வெளிவந்தபோது, புதிதாகக் கிடைத்த சுவடிகளையும் கொண்டு நூலை மேலும் செப்பம் செய்தார்.

சிந்தாமணி திறந்த வாயில்

சிந்தாமணி உரையிலிருந்த மேற்கோள்களைத் தேடப் புகுந்ததே சங்க நூல்களுக்கு அவரை அழைத்துச் சென்றது. அம்மேற்கோள்கள் எந்த நூலின என்று தேடியபோது, திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளிடையே எட்டுத்தொகை நூல்கள் தென்பட்டன. பெயரளவிலும் பலர் மறந்துவிட்ட நூல்கள் அவை. சமணக் காப்பியம் ஒன்றைப் புரிந்துகொள்ளும் முயற்சி, சங்க இலக்கியம் முழுவதையும் மீட்கும் பணியாக விரிந்தது.

1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வெளிவந்தன. ஐங்குறுநூறு 1903இலும், பதிற்றுப்பத்து 1904இலும், பரிபாடல் 1918இலும், குறுந்தொகை 1937இலும் தொடர்ந்தன. மணிமேகலைக்காகப் பௌத்த சமயத்தை அறிஞர் உதவியுடன் முறையாகப் பயின்றார். பாரிஸ் நகரத்துத் தமிழறிஞர் ஜூலியன் வின்சனோடு கடிதத் தொடர்பு கொண்டார். சமணர்க்கு உரிய நூல்களும் தொடர்ந்து வெளிவந்தன. பவணந்தி முனிவரின் நன்னூலை மயிலைநாதர் உரையுடன் 1918இல் பதிப்பித்தார். கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையை, தொடக்கமும் முடிவும் கிடைக்காத நிலையிலும், 1924இல் வெளியிட்டார்.

இவற்றுக்காக அவர் நடந்த தூரமும் ஏறிய வண்டிகளும் கணக்கில் அடங்கா. ஆழ்வார்திருநகரியில் கவிராயர் வீடுகளில் ஏடு தேடித் தளர்ந்திருந்த வேளையில், இலட்சுமண கவிராயர் தம் உறவினர் வீட்டிலிருந்து பத்துப்பாட்டுச் சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தார். நிலவொளியிலேயே அவர் அதைப் பிரித்துப் படித்து மகிழ்ந்தார். வேறிடங்களில் கிடைத்தது ஏமாற்றமே. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருந்ததாகக் கேட்டு ஆவலுடன் சென்றார். பழுதடைந்த ஏடுகளைச் சாத்திர முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கே அறிந்து உள்ளம் துடித்தார். திருநெல்வேலிச் சீமையில் ஒரு வீட்டில், சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டுவிட்டனர் என்ற செய்தி காத்திருந்தது. தீயில் இட்டோரும் நீரில் விட்டோரும் தீய எண்ணத்தால் அவ்வாறு செய்யவில்லை. ஏட்டுக்குக் காட்டும் மரியாதை என்றே செய்தனர். படிக்கும் பழக்கம் அற்றுப்போன இடத்தில் மரியாதையும் நூலைக் காவாது என்பதை அந்நிகழ்ச்சிகள் அவருக்கு உணர்த்தின.

வளையாபதி என்னும் வருத்தம்

பிறர் செய்த பிழைகளுக்காக வருந்திய அவர், தம் இழப்பு ஒன்றையும் மறைக்கவில்லை. மகாவித்துவானிடம் பாடம் கேட்ட இளமையில், திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் வளையாபதி என்னும் காப்பியத்தின் சுவடியை அவர் கண்ணால் கண்டிருந்தார். அக்காலத்தில் பழங்காப்பியங்களில் நாட்டம் ஏற்படவில்லை. ஆதலால் அதை எடுத்துப் படிக்கவும் இல்லை, படியெடுக்கவும் இல்லை. பின்னாளில் அதன் அருமையை உணர்ந்து தேடியபோது அச்சுவடி அங்கே இல்லை. வேறெங்கும் கிடைக்கவும் இல்லை.

வளையாபதி சமணக் காப்பியம், ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று. இன்று பிற நூல்கள் மேற்கோளாகக் காத்துத்தந்த எழுபது செய்யுட்களுக்குச் சற்று மேற்பட்டவையே எஞ்சியுள்ளன. கதை இன்னதென்றும் உறுதியாகச் சொல்ல இயலாது. கைக்கு எட்டிய தொலைவில் இருந்த நூல் ஒரு தலைமுறைக்குள் இல்லாமற்போயிற்று. தமிழ்நாட்டின் மிகப்பெரும் ஏட்டுக் காவலரே அதைக் காணத் தவறினார். முதுமையிலும் ஒரு சிறு ஏட்டுக்கட்டு கிடைக்கும் என்று கேட்டால் உடனே புறப்பட்டுவிடும் அவரது வேகத்திற்குப் பின்னே, இந்த இழப்பின் நினைவும் இருந்திருக்க வேண்டும்.

நூல்களே வீடாக

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்றுத் திருவேட்டீசுவரன்பேட்டையில் குடியேறினார். தம்மைக் கல்லூரிப் பணிக்குக் கொண்டுவந்த தியாகராச செட்டியாரின் நினைவாக அவ்வீட்டுக்குத் தியாகராஜ விலாசம் என்று பெயரிட்டார். அங்கே எங்கு நோக்கினும் ஏடுகளும் புத்தகங்களும் குறிப்பேடுகளுமே. 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை வந்தடைந்தன. 1919இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றார். ஏட்டுப் பணியிலிருந்து ஓய்வுபெறவே இல்லை. சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராகவும் 1924 முதல் 1927வரை பணியாற்றினார்.

உரைநடையிலும் அவர் தந்தவை பல. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் வரலாற்றை விரிவாக எழுதினார். திருவையாற்றில் வாழ்ந்த இசைப்பேரறிஞர் மகா வைத்தியநாத சிவனின் வரலாற்றையும், கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகியோர் வரலாறுகளையும் எழுதிச் சோழநாட்டு இசைமரபுக்கும் தொண்டு செய்தார். 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வாழ்க்கை வரலாற்றைத் தொடர்ந்து எழுதிவந்தார். அது முற்றுப்பெறவில்லை. போர்க்கால அச்சத்தால் சென்னையிலிருந்து மக்கள் வெளியேறிய நாட்களில் அவரும் திருக்கழுக்குன்றத்திற்கு ஏடுகளோடு சென்றார். அங்கேயே 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், எண்பத்தேழாம் வயதில் மறைந்தார்.

அடுத்த ஆண்டிலேயே, ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அவர் பெயரால் நூல்நிலையம் சென்னையில் நிறுவப்பட்டது. அவர் தேடித் திரட்டிய சுவடிகளும் புத்தகங்களும் கையெழுத்துக் குறிப்புகளும் இன்றும் பெசன்ட் நகரிலுள்ள அந்நூல்நிலையத்தில் ஆய்வாளர்க்குப் பயன்பட்டு வருகின்றன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன.

எஞ்சியிருக்கும் கடமை

சமண அறம் வகுத்த நால்வகைத் தானங்களுள் உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு நூலும் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது. சாத்திர தானம் என்பது நூலைப் படியெடுத்துப் பிறர்க்கு வழங்குதல். தமிழ்ச் சமண முன்னோர் அவ்வறத்தை வழுவாது செய்ததனால்தான் பல நூற்றாண்டு கடந்தும் சிந்தாமணி அழியாதிருந்தது. ஓலை தானாக நெடுங்காலம் வாழாது. சில தலைமுறைக்கு ஒருமுறை எவரேனும் எழுத்தாணி பிடித்துப் புதிய ஓலையில் எழுதினாலன்றி நூல் இறந்துவிடும். பெயர் தெரியாத எத்தனையோ நயினார்களும் அவர்தம் இல்லத்தாரும் இவ்வாறு எழுதிக் கைமாற்றிய ஏடே இறுதியில் சாமிநாதையர் கைக்கு வந்தது. அவர் பெற்றதைத் தமக்கெனச் சேர்த்துவைக்காமல் அச்சிட்டு உலகுக்கு வழங்கினார். அவர் செய்ததும் சாத்திர தானமே.

இன்றும் தமிழ்ச் சமணர் வாழும் ஊர்களில், பூசையறைப் பெட்டியிலோ பரணிலோ பழைய சுவடிகளும், தாத்தா கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகங்களும், மறுபதிப்புக் காணாத பழைய அச்சு நூல்களும் இருக்கக்கூடும். அவற்றுக்குப் பூவும் மஞ்சளும் இட்டு வணங்குவது நன்று. கட்டை அவிழ்த்து, என்ன நூல் என்று படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்பது அதனினும் நன்று. ஒவ்வோர் ஏட்டையும் நிழற்படமாக எடுத்துக் கணினியில் சேமித்து, மூல ஏட்டை உரியவரிடமே திருப்பித் தரும் வசதி இக்காலத்தில் உண்டு. தஞ்சைப் பெரியவர் அன்று அஞ்சியதுபோல் ஏடு கைவிட்டுப் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

அதைவிட இன்றியமையாதது ஒன்று உண்டு. குடந்தை இல்லத்தில் சாமிநாதையர் முதலில் கண்டது ஏட்டை அன்று. ஏட்டைச் சுற்றி அமர்ந்து படித்த குடும்பத்தை. பாராயணம் நிறைவுற்றதற்காகத் தோரணம் கட்டிய வாயிலை. பெற்றோரும் பிள்ளைகளும் கூடியிருந்து, வாரம் ஒரு நாளேனும் சிந்தாமணியில் பத்துச் செய்யுட்களைப் படித்துப் பொருள் பேசும் வழக்கம் ஓர் இல்லத்தில் மீண்டும் தொடங்குமாயின், அவ்வில்லத்து ஏடு எந்த ஆடிப்பெருக்கிலும் ஆற்றோடு போகாது.